ஆளுக்கொரு சாவு

டான் கானர் இறந்தது 1996-இல். அவன் இறந்துவிட்டான் என்பது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓராண்டு கழித்தே தெரிந்தது. அவன் மனைவி ரோஸான் இறந்தது 2018-இல். அப்போது டான் உயிரோடு இருந்தான். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து அதே சமையலறை மேசையில் உட்கார்ந்தான். ஒரே கல்யாணத்தில் அவளும் கணவனை இழந்தவள், அவனும் மனைவியை இழந்தவன். புராணத்தில்கூட இப்படியொரு வரத்தை யாரும் கேட்டு வாங்கியதாக நினைவில்லை. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த ஒரு சிரிப்புத் தொடரில் இது நடந்தது.

தொடரின் பெயரும் ‘ரோஸான்’தான். அதில் நடித்த ரோஸான் பாரின் பெயரையே கதாபாத்திரத்துக்கும் வைத்திருந்தார்கள். டானாக ஜான் குட்மன். 1988 அக்டோபர் 18 அன்று தொடங்கி 1997 மே 20 வரை ஒன்பது பருவங்கள் ஓடியது. ஊர், இலினாய் மாநிலத்தில் லான்ஃபோர்ட் என்ற கற்பனைச் சிற்றூர். டான் வீடுகளுக்குச் சுவர்ப் பலகை அடித்துக் கொடுக்கும் சின்ன ஒப்பந்தக்காரன். வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் கராஜில் மோட்டார் சைக்கிளைக் குடைந்துகொண்டிருப்பான். அவள் பிளாஸ்டிக் ஆலையில் தொழிலாளி. பிள்ளைகள் பெக்கி, டார்லீன், டீஜே. அவள் தங்கை ஜாக்கிக்கும் அதே ஆலையில்தான் வேலை. பாதி நாள் அக்கா வீட்டில்தான் இருப்பாள். கூடத்தில் ஒரு பழைய சோபா, அதன் முதுகில் கறுப்புப் பின்னணியில் வண்ணச் சதுரங்கள் கோத்த கம்பளிநூல் போர்வை. தலைப்புக் காட்சியில் கேமரா சாப்பாட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ரோஸானின் சிரிப்பு வெடிக்கும். அழகான சிரிப்பு என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிற சிரிப்பு.

சிட்காம் என்ற வடிவத்துக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. இருபத்திரண்டு நிமிடத்தில் என்ன நடந்தாலும் முடிவில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். அடுத்த வாரம் புதிதாக உட்காருகிறவனுக்குப் போன வாரக் கதை தெரிந்திருக்கத் தேவையில்லை. வசதியுள்ள குடும்பத்தைக் காட்டும்போது இந்தச் சட்டம் உறுத்துவதில்லை. அவர்கள் வாழ்க்கையே ஏறக்குறைய அப்படித்தான்: உடைந்தது மாற்றப்படும், கறை துடைக்கப்படும். இல்லாதவர்கள் வீட்டில் எதுவும் பழைய இடத்துக்கு வருவதில்லை. போன மாதம் கட்டாத பில் இந்த மாத பில்லோடு சேர்ந்துகொள்கிறது. பிடுங்காமல் விட்ட பல் அடுத்த பல்லையும் கெடுக்கிறது. வறுமைக்கு நினைவாற்றல் அதிகம். சிட்காமுக்கு நினைவே கிடையாது. இந்த இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்ததுதான் ‘ரோஸான்’ செய்த காரியம். முப்பது ஆண்டுக் கதையின் எல்லாச் சிக்கலும், அந்த இரண்டு சாவுகளும்கூட, அங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்னோடி இல்லாமலில்லை. 1955–56-இல் வந்த ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் ரால்ஃப் கிராம்டன் நியூயார்க்கில் பஸ் டிரைவர். அவனும் மனைவி ஆலிஸும் புரூக்ளினில் ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு பழைய ஐஸ்பெட்டியோடு குடித்தனம் நடத்தினார்கள். மாடியில் இருக்கும் நண்பனுக்குச் சாக்கடை வேலை. ரால்ஃப் வாராவாரம் பணக்காரனாக ஒரு திட்டம் போடுவான், அது கவிழும், ஆலிஸைக் கட்டிக்கொள்வான். 39 அத்தியாயங்களிலும் அந்த அறையில் ஒரு நாற்காலிகூடக் கூடவில்லை. இங்கே வறுமை என்பது மேடை அமைப்பு. திட்டம் கவிழ்ந்ததால் யார் வீட்டிலும் உலை கொதிக்காமல் போகவில்லை. ஏழைக் கணவன் என்றால் வாய்ச்சவடால் முட்டாள், மனைவி என்றால் பொறுமைசாலி என்ற அச்சும் அங்கேதான் வார்க்கப்பட்டது. எண்பதுகளில் அந்த அச்சைக்கூட மூலையில் போட்டுவிட்டார்கள். அன்று நாடே பார்த்த குடும்பம் ‘தி காஸ்பி ஷோ’வினுடையது: கணவன் மருத்துவன், மனைவி வழக்கறிஞர். அதைத் தயாரித்த கார்ஸி–வெர்னர் நிறுவனமே ‘ரோஸா’னையும் தயாரித்தது. 1989–90 பருவத்தில் இரண்டும் முதலிடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன.

முதல் அத்தியாயத்திலேயே ஓர் இடம். பள்ளிக்கூடத்தில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் திரட்டுகிறார்கள் என்று பெக்கி அலமாரியிலிருந்து டின்களை எடுத்துப் பையில் போடுகிறாள். அப்படியே நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் கொண்டுவந்து போடச் சொல் என்கிறாள் அம்மா. அரங்கம் சிரிக்கிறது. சொன்னவள் சிரிக்கவில்லை, கையிலிருக்கும் வேலையைப் பார்க்கிறாள். தொடர் முழுவதற்கும் சுருதி இதுதான்.

இந்தச் சுருதி எழுத்தாளர் அறையிலிருந்து தானாக வந்துவிடவில்லை. ரோஸான் பார் சால்ட் லேக் சிட்டியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். டென்வரில் மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டே மேடையேறி, ‘இல்லத்துத் தேவதை’ என்று தன்னைத்தானே நக்கலாக அழைத்துக்கொண்டு பேசிப் பெயர் வாங்கியவர். தொடரை உருவாக்கியவர் என்று திரையில் வந்த பெயர் மாட் வில்லியம்ஸ். அந்த வரி தனக்குரியது என்று இவர் மூட்டிய சண்டை முதல் பருவத்தின் நடுவிலேயே வில்லியம்ஸை வெளியேற்றிவிட்டது. உடை விஷயத்திலும் சண்டை, ஒரு வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்று படப்பிடிப்பில் சண்டை. பின்னாளில் எழுத்தாளர்களுக்குச் சட்டையில் எண் குத்தி அந்த எண்ணால் கூப்பிட்டார் என்றும் சொல்வார்கள். முதலாளியிடம் மரியாதை கேட்டுப் போராடுகிற தொழிலாளியை வாராவாரம் நடித்தவர், தான் முதலாளியானதும் செய்தது அது. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தத் தொழிலாளி மெய்யானவள். முதல் பருவத்தின் கடைசியில் ஆலைக்குப் புதிய மேற்பார்வையாளன் வருகிறான். (அவனுக்கு முன்பிருந்தவனாக நடித்தவர் அன்று யாரென்றே தெரியாத ஜார்ஜ் க்ளூனி.) வந்தவன் நாளொன்றுக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கையை உயர்த்துகிறான். ரோஸான் தனியாகப் போய்ப் பேசுகிறாள். நீ வாயை அடக்கு, நான் எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று பேரம் படிகிறது. அவள் வாயை அடக்குகிறாள். பார்க்கவே சகிக்காத காட்சி அது. அவன் வாக்குத் தவறுகிறான். அவள் அட்டையை அடித்துவிட்டு வெளியே நடக்கிறாள், பின்னாலேயே தங்கையும் தோழிகளும். அன்றிரவு மதுக்கூடத்தில் கொண்டாட்டம். வேறொரு தொடராக இருந்தால் அடுத்த வாரம் எல்லோரும் அதே எந்திரத்தின் முன்னால் நின்றிருப்பார்கள். இங்கே அடுத்த பருவம் முழுக்க அவளுக்கு நிலையான வேலையில்லை. தொலைபேசியில் பொருள் விற்கிறாள். கோழி வறுக்கும் கடையில், தன் மகள் வயதுப் பையனுக்குக் கீழே நிற்கிறாள். அழகு நிலையத்தில் முடி பெருக்குகிறாள். பல்பொருள் அங்காடியின் சிற்றுண்டிக் கூடத்தில் தட்டெடுக்கிறாள். ஒரு மாலைநேரத் தீரத்துக்கு எத்தனை ஆண்டு வட்டி என்பதைக் கூட்டிக் கழித்துக் காட்டிய சிட்காம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

டானின் கணக்கு இதைவிடக் கசப்பானது. கடைசியில் அவன் ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிள் கடையைத் திறக்கிறான். கடை நொடித்துப்போகிறது. வீட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். பெக்கியைக் கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லை. கடையில் வேலை செய்த மார்க்குக்கும் வேலை போகிறது. பதினேழு வயது பெக்கி அவனோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண் அவள். இது நடப்பது ஐந்தாம் பருவத்தில், 1992-இல். 2018-இல் தொடர் மறுபடி வந்தபோது பெக்கி மெக்சிகன் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாள். காசுக்காக வாடகைத் தாயாக முடியுமா என்று பார்க்கிறாள். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கல்லூரிக் கட்டணம் கட்டப்படாமலே கிடக்கிறது. மார்க்காக நடித்த க்ளென் க்வின் 2002-இல் ஹெராயினால் இறந்துபோயிருந்தார். எனவே கதையிலும் பெக்கி விதவை.

இவ்வளவும் சொன்னால் அழுகைத் தொடர் என்று தோன்றும். அந்த வீட்டில் யாரும் சும்மா அழுவதில்லை, காரணம் அந்தத் தம்பதி. இருவருமே பருமனானவர்கள். அன்றைய தொலைக்காட்சியில் பருமனான பெண் என்றால் அண்டைவீட்டுக்காரி, அல்லது யாருக்கோ அம்மா. இவள் கட்டிலில் கணவனைச் சீண்டுகிற மனைவி. அவனும் அவள் பின்னாலேயே சுற்றுகிறவன். டான் முட்டாளில்லை, ஆலிஸின் பொறுமையும் ரோஸானுக்கு இல்லை. மேசையில் பில்களைப் பரப்பி எதைக் கட்டுவது, எதைத் தள்ளுவது என்று உட்காரும்போது இருவரும் மாற்றி மாற்றி அடிக்கிற நக்கல் ஒருவகைக் கொடுக்கல் வாங்கல். ஒருவர் சுணங்கினால் மற்றவர் போட்டு நிரப்ப வேண்டும். குடித்தனத்தை இழுத்துப் பிடிப்பது என்று நாம் சொல்கிறோமே, அந்த இழுப்பைக் கண்ணால் பார்க்கலாம். கயிற்றின் இரு முனையிலும் ஆள் இருந்தால்தான் அது நிற்கும்.

ஓர் அத்தியாயத்தில் ஜாக்கியை அவள் கூட வாழ்பவன் அடித்துவிடுகிறான். முதுகில் காயத்தைப் பார்த்த ரோஸான் உடைந்துபோகிறாள். அடிக்கிற அப்பனிடம் வளர்ந்தவர்கள் அக்காவும் தங்கையும். அதுவரை சமையலறையில் சும்மா நின்றிருந்த டான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளைப் பார்க்கிறான், கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறான், கதவைத் திறந்து போகிறான். அடுத்து அவனைப் பார்ப்பது போலீஸ் காவலில். குட்மன் இந்தப் பாத்திரத்துக்காக ஏழு முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறையும் கிடைக்கவில்லை. சிறந்த நகைச்சுவைத் தொடர் பட்டியலில் ‘ரோஸா’னின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. விருதுக் குழுக்களில் இருப்பவர்களுக்கு மின்கட்டண பில் எப்படி இருக்கும் என்று தெரியாதோ என்னவோ.

பிறகு ஒன்பதாம் பருவம். கானர் குடும்பத்துக்கு லாட்டரியில் 10 கோடியே 80 லட்சம் டாலர் விழுகிறது. தொடர் அந்தக் கணமே செத்துவிட்டது என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். உண்மையும்தான். பணக்காரர்கள் அழைப்பு, ரயிலில் பயங்கரவாதிகளோடு சண்டை என்று பார்க்கச் சங்கடமான கூத்துகள். கலிபோர்னியாவில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போன டான் இன்னொரு பெண்ணிடம் மனம் சாய்கிறான். குட்மன் பாதி வாரங்கள் வருவதே இல்லை. வாராவாரம் மனமுடைந்து பார்த்தவர்கள்மேல் இன்றும் எனக்கு இரக்கம் உண்டு.

கடைசி அத்தியாயத்தின் கடைசி நிமிடங்களில் ரோஸான் நிலவறையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த எழுத்து மேசை குடும்பம் அவளுக்காக முன்பு ஒதுக்கிக் கொடுத்தது. அவள் குரல் சொல்கிறது: இதெல்லாம் நான் எழுதிய கதை. பிடிக்காததையெல்லாம் மாற்றிவிட்டேன். மகள்களின் மாப்பிள்ளைகளைக்கூட இடம் மாற்றிவிட்டேன். லாட்டரி இல்லை. டார்லீன் கல்யாணத்தன்று டானுக்கு வந்த மாரடைப்பில் டான் பிழைக்கவில்லை. அவன் போனபோது எனக்குத் துரோகம் செய்துவிட்டுப் போனதுபோல் இருந்தது, அதனால் அவனைக் கதையில் வேறொருத்தியிடம் போகவைத்தேன்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏமாற்று வேலை என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பாரியில் செத்தவனைப் பார்த்து என்னை விட்டு எவளிடம் போனாய் என்று கேட்பது தமிழ்ப் பெண்களுக்குத் தெரியாததல்ல. அதையே இவள் ஒரு பருவம் முழுக்க எழுதியிருக்கிறாள். கூடவே அவளுக்கு 10 கோடி டாலரும் தேவைப்பட்டிருக்கிறது. கணவன் போனபின் அந்த வீட்டில் பில்களோடு தனியாக உட்கார முடியாதவள் முதலில் பில்களை அழித்தாள். பில் போனதும் நக்கலும் போயிற்று, நக்கல் போனதும் டான் வருவதும் குறைந்தது. அந்தப் பருவம் மோசமாக இருந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் இருக்க முடியாது. வேண்டுமென்றே அப்படி எழுதினார்களா என்று கேட்டால், இல்லை என்பேன். கவிழ்ந்த வண்டிக்குக் கடைசியில் கிடைத்த நல்ல கதை அது.

2018 மார்ச் 27 அன்று தொடர் மறுபடி தொடங்கியபோது டான் கட்டிலில் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு படுத்திருந்தான். ரோஸான் அலறி எழுப்புகிறாள், செத்துவிட்டான் என்று பயந்து. எல்லோரும் ஏன் என்னைச் செத்தவன் என்றே நினைக்கிறீர்கள் என்று அலுத்துக்கொள்கிறான். இருபத்தோராண்டு சாவு ஒரு துணுக்கில் அழிந்தது. சிட்காம் சட்டம் ஜெயித்த இடம் இது. அன்று ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்குமேல் பார்த்தார்கள். அதே அத்தியாயத்தில் இருவரும் மேசையில் உட்கார்ந்து மருந்துகளைப் பங்கு பிரிக்கிறார்கள். காப்பீடு முன்போல் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. பில் கிடந்த மேசையில் இப்போது மாத்திரை. அவளுக்கு முழங்கால் கெட்டுப்போயிருக்கிறது, அறுவைக்குப் பணமில்லை. அவள் வலி மாத்திரைகளை ஒளித்துவைத்துத் தின்பதை டான் கண்டுபிடிக்கிறான். கதாபாத்திரம் டிரம்புக்கு வாக்களித்தது பற்றித்தான் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. மாத்திரைகளைப் பெரிதாகக் கவனித்தவர்கள் குறைவு.

மே 29 அன்று நடிகை ரோஸான் பார், ஒபாமாவின் முன்னாள் ஆலோசகர் வேலரி ஜாரெட்டைப் பற்றி ட்விட்டரில் இனவெறி கக்கும் ஒரு வரி எழுதினார். அன்றே ஏபிசி தொடரை நிறுத்தியது. தூக்க மாத்திரை போட்டிருந்தேன் என்றார் அவர். அந்த மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனம், எங்கள் மருந்தின் பக்கவிளைவுகளில் இனவெறி இல்லை என்று பதில் சொன்னது. அந்த வரிக்கு மன்னிப்பு கிடையாது, நிறுத்தியதும் சரிதான். ஆனால் தொடரில் வேலை பார்த்த மற்றவர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போனது. ரோஸான் பார் தன் பணப் பங்கையும் படைப்புரிமையையும் விட்டுக்கொடுத்தபின், அவர் இல்லாமல் அக்டோபரில் ‘தி கானர்ஸ்’ தொடங்கியது. கதையில் ரோஸானின் அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கிறது. மாரடைப்பு என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்க, ஜாக்கிக்குத் தொலைபேசி வருகிறது: அளவுக்கு மீறிய வலி மாத்திரை. வைத்தியச் செலவுக்கு வழியில்லாத அக்கம்பக்கத்தாரிடமிருந்து ரோஸான் மாத்திரை வாங்கியிருக்கிறாள். அவர்களும் தங்களுக்குள் பங்குபோட்டவர்கள்தாம்.

ஒரு நடிகையை வெளியேற்ற எத்தனையோ வழி உண்டு. விபத்து, பிரிவு, வேறு ஊர். எழுத்தாளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சாவு அந்த வீட்டிலேயே ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. டானின் சாவை அவள் எழுதினாள், துக்கத்தில். அவள் சாவை ஒரு நிறுவனம் எழுதியது, அவசரத்தில். இரண்டாவதுதான் நம்பும்படி இருந்தது என்பது எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது. இலினாயின் அப்படிப்பட்ட ஓர் ஊரில் அந்த வயதில், அந்த முழங்காலோடு, அந்த வருமானத்தில் ஒருத்தி எப்படிச் செத்திருப்பாளோ அப்படியே செத்தாள். பழைய இடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவரும் சட்டம் இந்தமுறை வேலை செய்யவில்லை.

‘தி கானர்ஸ்’ ஏழு பருவம் ஓடியது. டான் பின்னால் லூயீஸ் என்பவளை மணந்துகொள்கிறான். அவளாக நடித்த கேட்டி சேகல், ‘ரோஸான்’ ஓடிய அதே ஆண்டுகளில் ‘மேரீட்... வித் சில்ட்ரன்’ தொடரில் செருப்புக்கடை விற்பனையாளன் ஆல் பண்டியின் மனைவியாக இருந்தவர். இந்தப் பக்கத்து வீட்டு மாற்றம் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். டார்லீன் ஆலைக்குப் போகிறாள். அம்மா அட்டையை அடித்துவிட்டு வெளியே வந்த வேலை, பிள்ளைக்குக் கிடைத்தது என்று நிம்மதிப்படும் வேலையாகிவிட்டது.

கடைசிப் பருவத்தில் டான் மாத்திரைக் கம்பெனிமேல் வழக்குப் போடுகிறான். 2025 ஏப்ரல் 23 அன்று வந்த இறுதி அத்தியாயத்தில் பணம் வருகிறது: 700 டாலர். லாட்டரியில் கற்பனையாக விழுந்தது 10 கோடியே 80 லட்சம், அதை எழுதியவளின் உயிருக்குக் கிடைத்தது 700. குடும்பம் அவள் கல்லறைக்குப் போய்வருகிறது. பிறகு எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள். டான் தனியாக அந்தச் சோபாவில் உட்கார்ந்து, இத்தனை ஆண்டும் திரும்பாத பக்கம் திரும்பி, நம்மைப் பார்த்து இரவு வணக்கம் சொல்கிறான்.

அதைப் பார்த்துவிட்டு நான் உடனே படுக்கவில்லை. 1988-இன் முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டேன். பெக்கி டின்களைப் பையில் போடுகிறாள். டார்லீன் வகுப்பில் நாய்போல் குரைத்தாளாம், டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். சமையலறைத் தொட்டியில் அடைப்பு. டான்தான் சரிசெய்ய வேண்டும், இன்னும் செய்தபாடில்லை. வேலைவிட்டு வந்த ரோஸான் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள்.